நோவு வரும் வழி

நெருஞ்சி முள்ளை மிதித்தவன் காலைத் தூக்கிய பின்னரே "ஐயோ" என்கிறான். தூக்குதல் முந்தியது, நோவை உணர்தல் பிந்தியது. வகுப்பில் இதனைக் கூறும்போது மாணவர் சிலர் நம்ப மறுப்பர். நொந்ததனாலன்றோ தூக்கினோம் என்பது அவர்தம் வாதம்.

நிகழ்வது இதுவே. பாதத்தின் தோலிலுள்ள நரம்பு முனைகள் முள் தைத்த செய்தியைப் புலன் நரம்பு வழியாக முள்ளந்தண்டினுள் இருக்கும் முண்ணாணுக்கு அனுப்புகின்றன. முண்ணாண் மூளையின் ஆணைக்குக் காத்திராது, இயக்க நரம்பு வழியே தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. இதனைத் தெறிவினை என்பர். ஒரு கால் மடங்கும் அதே வேளையில் மற்றக் கால் உடற்பாரத்தைத் தாங்கி விறைத்து நிற்பதும் முண்ணாணின் ஏற்பாடே. அஃதில்லையேல் முள்ளுக்குத் தப்பியவன் நிலத்தில் வீழ்வான்.

நரம்புச் செய்தியின் வேகத்தை அளத்தல் இயலாதென அறிஞரும் ஒரு காலத்திற் கருதினர். 1850 ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் ஜேர்மானியர் தவளையின் கால் நரம்பில் அதனை அளந்து காட்டினார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீற்றர்; புகைவண்டியின் வேகந்தான்! மனிதரில் தொடுகையைக் கொண்டு செல்லும் தடித்த இழைகள், மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தவையாதலின், இதனினும் விரைந்தவை. நோவைக் கொண்டு செல்வனவற்றுள் மெல்லிய உறையுடையன விநாடிக்கு 5 முதல் 30 மீற்றர் வரை செல்லும். உறையற்ற நுண்ணிழைகளோ 2 மீற்றரைத் தாண்டுவதில்லை. எனவேதான் வாயிற்படியிற் பெருவிரல் இடறினால் முதலில் இடித்தது தெரிகிறது. அடுத்துச் சுரீரென்ற நோவு. ஏறத்தாழ ஒரு விநாடி கழித்து நெடுநேரம் நிற்கும் கடுப்பு. ஐயமுள்ள மாணவர் அடுத்த முறை இடறும்போது கவனிக்கலாம். வேண்டுமென்று இடறிப் பார்க்க வேண்டியதில்லை.

கால் விலகிய பின் வரும் நோவினாற் பயன் யாது? முள்ளைத் தேடி எடுக்கச் செய்வது அதுவே. புண் ஆறும்வரை நொண்டி நடக்கச் செய்வதும் அதுவே. இதன் அருமை, சீனி வருத்தம் என வீடுகளில் வழங்கும் சலரோகத்தில் விளங்கும். குருதியிற் சீனி பல்லாண்டு மிகுந்திருப்பின் நரம்புகள் சிதைகின்றன. உடலின் மிக நீண்ட நரம்பிழைகள் பாதத்திற்குச் செல்வனவாதலின், கேடு பெரும்பாலும் கால்விரல்களிலேயே தொடங்கும். சிலர்க்கு முதலில் எரிவும் விறைப்பும் தோன்றும். பின்னர் உணர்ச்சியே அற்றுவிடும். எரிவு நின்றதும் நோய் தணிந்ததென மகிழ்வோரை நாம் கண்டிருக்கிறோம். நரம்பு மடிந்தாலும் எரிவு நிற்கும் என்பதை அவர் அறியார்.

இத்தகையோர் திருவிழாக் காலத்து நண்பகலில் வெறுங்காலுடன் வெளிவீதி சுற்றிவிட்டு, இரவிற் பாதத்திற் கொப்புளம் கண்டு திகைப்பர். செருப்பினுட் கிடந்த சிறு கல் நாள் முழுதும் உறுத்தியும் தெரியாது. தெரியாத புண் ஆழமாகிக் காலையே இழக்க நேர்ந்தவர் பலர்.

பாத உணர்ச்சியைச் சோதிக்க மருத்துவர் 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையொன்றைப் பாதத்தில் ஆங்காங்கே அழுத்திப் பார்ப்பர். சில நிமிட வேலை, நோவும் இல்லை. சலரோகமுடையோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதனைக் கேட்டுச் செய்வித்தல் வேண்டும். வீட்டிலோ, இரவுதோறும் விளக்கொளியில் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாத பாட்டனார்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அவர்கள் கண் கூர்மையானது. செருப்பைக் கவிழ்த்து உதறிய பின் அணிக. வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முற்படாது முழங்கையால் அறிக.