எலும்பு கூடிய பிறகு

ரஸ்தாவில் அடிபட்டு விழுந்தவனைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் விஷயத்தில் நமது ஜனங்களும் சர்க்காரும் முன்னைக்கு இப்போது எவ்வளவோ முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் கட்டுப் பிரித்து, ஊன்றுகோல் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு அவன் என்ன ஆகிறான், இரவில் உறங்குகிறானா, மறுபடியும் அதே ரஸ்தாவைத் தாண்டி வேலைக்குப் போகிறானா என்று கேட்பார் எவருமில்லை. இந்த இரண்டாவது விஷயத்தைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இது வைத்தியர்களுடைய காரியமாயிற்றே, அரசியல் ஊழியர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நமது நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். முழுவதையும் வாசித்த பின் அவ்வாறு எண்ணமாட்டார்களென்று நம்புகிறோம்.

வேப்பம்பட்டில் நின்று பார்ப்போர்க்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். ஒரு பக்கம் சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை. மறுபக்கம் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை. தொழிற்சாலை பஸ்களும், சரக்கு லாரிகளும், ஒரே மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, குழந்தை மூவருமாகச் செல்வோரும் அதே பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். அவ்வூர் மேம்பால வேலை வருஷக் கணக்கில் அரைகுறையாய் நின்ற கதை திருவள்ளூர் ஜில்லா முழுவதும் அறிந்தது. 2023 நவம்பரில் தண்டவாளத்தைக் கடக்கையில் ஒரு தகப்பனும் அவருடைய இரண்டு பெண்களும் ரயிலில் அடிபட்டு மாண்டனர். ஊரார் கொதித்தெழுந்து மேம்பாலம் எங்கே என்று கேட்டனர். கேட்டது முற்றிலும் நியாயமே. ஆயினும் அந்தக் கோரத்தைக் கண்ணாற் கண்டவர்களும் மறுநாள் அதே நடைமேடையில் வந்து நின்றுதானே பிழைப்புக்குப் போக வேண்டியிருந்தது? அவர்களைப் பற்றி எவர் யோசித்தார்? அதே ஜில்லாவில் கவரப்பேட்டையில் 2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியபோது, உயிர்ச்சேதமில்லை என்று கேட்டுத் தேசமே பெருமூச்சு விட்டது. உயிர்ச்சேதமில்லை என்ற சொல்லோடு கணக்கை மூடிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

கணக்கு அவ்வளவு சிறிதன்று. மத்திய சர்க்காரின் ரஸ்தாப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட அறிக்கையின்படி 2022-ஆம் வருஷத்தில் இத்தேசத்தில் நேர்ந்த ரஸ்தா விபத்துக்கள் 4,61,312. மாண்டோர் 1,68,491 பேர். காயத்தோடு பிழைத்தோர் 4,43,366 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு மாகாணங்களுக்கெல்லாம் முதலில் நின்றது நமது தமிழ்நாடு. இந்த முதன்மையை எவர்க்கேனும் தானம் செய்துவிட்டால் நல்லது. மாண்டோரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பிழைத்த 4 லட்சத்து 43 ஆயிரம் பேரோ அன்றாடச் செய்தியில் 'மற்றும் பலர் காயமடைந்தனர்' என்ற மூன்று சொற்களுக்குள் மறைந்து போகிறார்கள்.

சர்க்கார் செய்திருக்கும் நன்மையை நாம் மறைப்பதற்கில்லை. 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தின்படி, விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரையில் சர்க்காரே கொடுக்க ஏற்பாடாயிற்று. மத்திய சர்க்காரும் 2025 மே மாதத்தில் 7 நாள் வரையில் ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சிகிச்சைக்கு வகை செய்யும் திட்டமொன்றைப் பிரசுரித்தது. உதவி செய்ய வந்தவனைப் போலீஸாரும் கோர்ட்டாரும் அலைக்கழிக்கக் கூடாதென்று 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. இவையெல்லாம் மெச்சத்தக்கனவே. ஆனால் 48 மணி, 7 நாள் என்ற கணக்கெல்லாம் உடம்பின் கணக்கு. மனத்தின் கணக்கோ அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டில் மேயூ என்ற மனோவைத்தியரும் அவருடைய சகாக்களும் ரஸ்தாவில் அடிபட்ட 188 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பரிசோதித்து 1993-ல் வெளியிட்ட முடிவு இது: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தவுடனேயே கடுமையான மனக்கலக்கமும் கோர ஞாபகங்களும் ஏற்பட்டன, பத்தில் ஒருவருக்கு அந்த வருஷத்திற்குள் பேரதிர்ச்சிக்குப் பின் தோன்றும் மனோவியாதி கண்டது, வண்டியில் ஏறவே அஞ்சும் பயம் அதனினும் அதிகம் பேரைப் பிடித்து, அவர்களிற் பலருடைய காரியங்களை முடக்கிப் போட்டது. காயம் பெரிதாயிருந்தால்தான் இப்படி வருமென்பதில்லை. சிராய்ப்போடு தப்பியவனும் ஹாரன் சத்தம் கேட்டால் நடுநடுங்குவதுண்டு.

இங்கிலீஷ் இலக்கியம் வாசித்தோர் சார்லஸ் டிக்கன்ஸை அறிவார்கள். 1865 ஜூன் 9-ந் தேதி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் அவர் ஏறியிருந்த ரயில் பாலத்தில் தடம் புரண்டது. அவருக்கு உடம்பில் பெருங்காயம் ஒன்றுமில்லை. அடிபட்டோர்க்கெல்லாம் தம் கையாலேயே தண்ணீரும் மதுவும் கொடுத்து உதவினார். பின்னர் இரண்டு வாரம் குரல் எழவில்லை. அதன்பின் வண்டிப் பிரயாணத்தின் நடுவே காரணமின்றி அவரைப் பீதி பற்றும். அவ்வளவு மேதையையே ஆட்டி வைத்த வியாதி, வேப்பம்பட்டுக் கொத்தனாரையும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளியையும் விட்டுவிடுமா?

அடுத்த வருஷமே எரிக்ஸன் என்ற லண்டன் ரணவைத்தியர் ரயில் விபத்தில் அடிபட்டோரைப் பற்றிப் பிரசங்கங்கள் வெளியிட்டார். அது முதுகெலும்பின் நோயா, மனத்தின் நோயா, அல்லது நஷ்டஈட்டை உத்தேசித்து ஆடும் நாடகமா என்று வைத்தியர்களும் ரயில்வே கம்பெனிகளும் கோர்ட்டுகளில் வெகுகாலம் மல்லாடினர். வக்கீல் தொழிலில் பழகியவர்கள் 1888-ஆம் வருஷத்துப் பிரிவி கவுன்சில் தீர்ப்பு ஒன்றை மறக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கேட்காரனுடைய அஜாக்கிரதையினால் ஒரு தம்பதியின் குதிரைவண்டி ரயிலின் முன்னே அகப்பட்டு மயிரிழையில் தப்பிற்று. அதிர்ச்சியில் அந்த அம்மாளுக்குப் பெரும் நோய் கண்டது. ரயில் அவளைத் தொடவில்லையாகையால், அந்த நோய் சட்டப்படி மிகவும் 'தூரமான' நஷ்டம் என்று சொல்லி நீதிபதிகள் ஈடு கொடுக்க மறுத்தனர். 1901-ல் இங்கிலீஷ் கோர்ட் வேறொரு வழக்கில் அதை ஒப்பாமல், பயத்தினால் வந்த நோயும் நோயே என்றது. நமது உச்ச நீதிமன்றமும் விபத்தில் முடமான ஒரு வக்கீலின் வழக்கில் 1995-ல் சரீர அதிர்ச்சியோடு மன அதிர்ச்சியையும் நஷ்டஈட்டுக்குரிய தலைப்பாக எடுத்துக்கொண்டது.

தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது, நடைமுறை வேறு. நஷ்டஈட்டுக் கோர்ட்டில் எத்தனை தையல், எத்தனை சதவிகித ஊனம், மாத வரும்படி எவ்வளவு என்ற கேள்விகளையே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். வாதி பஸ்ஸில் ஏறப் பயந்து வேலையை விட்டுவிட்டான் என்பதற்கு மனோவைத்தியருடைய சீட்டு ஒன்றும் கட்டில் இராது. சீட்டு இல்லாவிடில் சாக்ஷியமில்லை. சாக்ஷியமில்லாவிடில், வலிக்கும் வேதனைக்கும் என்று ஒரு சில்லறைத் தொகையோடு அந்தத் தலைப்பு முடிகிறது. இதற்கு நீதிபதிகளைக் குறை கூறிப் பயனில்லை. அவனை மனோவைத்தியரிடம் அனுப்பியவர் எவருமில்லை என்பதே காரணம்.

அவனும் தானாகப் போக மாட்டான். நமது ஊர்களில் இதைப் 'பயந்த கோளாறு' என்பார்கள், மந்திரிப்பார்கள், கயிறு கட்டுவார்கள், விபத்து நடந்த இடத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். அதனால் சிலருக்கு ஆறுதல் உண்டாவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆண்பிள்ளைக்கு என்ன பயம் என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, இரவு உறக்கத்திற்காகக் கள்ளுக்கடைக்கு வாரிசாக வந்திருக்கும் கடையை நாடுகிறவர்கள் அதிகம். மனோவைத்தியரிடம் போனால் பைத்தியம் என்ற பெயர் வரும். பெண் கொடுக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸிலும் ஏற வேண்டும். பஸ்ஸில் ஏறுவதற்கே பயந்தவனை வைத்தியத்திற்காகப் பஸ் ஏறி வா என்பது எப்பேர்ப்பட்ட விவேகம்!

இங்கேதான் டெலிபோன் உதவிக்கு வருகிறது. 2022 அக்டோபர் 10-ந் தேதி இந்தியா முழுவதற்கும் 'டெலி மானஸ்' என்ற சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் காசு செலவில்லாமல் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையாயின் மனோவைத்தியரிடமோ ஜில்லா மனநலத் திட்டத்தாரிடமோ சேர்ப்பிப்பார். பெங்களூர் நிம்ஹான்ஸ் இதற்குத் தலைமை ஸ்தாபனம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற அழகிய பெயரை இதற்குச் சூட்டினர். டெலிபோனில் வைத்தியமா என்று நகைப்போர்க்கு நமது மாகாணத்து அநுபவமே விடை. சென்னையிலுள்ள ஸ்கார்ப் ஸ்தாபனம் 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தாருக்குத் தூரத்திலிருந்தே மனோவைத்தியம் செய்யத் தொடங்கிற்று. 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பி, அதனுள் திரையின் மூலம் நோயாளியும் சென்னை வைத்தியரும் முகம் பார்த்துப் பேசவும், அங்கேயே மருந்து வாங்கவும் வசதி செய்தது.

ஆனால் 14416-இல் ஒரு குறையிருக்கிறது. வியாதியஸ்தன் தானே கூப்பிட வேண்டும். தனக்கு வந்திருப்பது வியாதியென்று அறியாதவன் எவ்வாறு கூப்பிடுவான்? ஆகையால் நமது யோசனை இதுதான்: அவன் கூப்பிடுவதற்குக் காத்திராமல் அந்தச் சேவையே அவனைக் கூப்பிட வேண்டும். அடிபட்டவனுடைய சிகிச்சைச் செலவைச் சர்க்கார் கொடுக்கும்போதே அவன் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறிவிடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது அவனுடைய சம்மதத்தைக் கேட்டு, கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை என்று மூன்று தடவை கூப்பிட்டுப் பேசுவதற்கு எத்தனை கோடி வேண்டும்? கைபேசி இல்லாத கிழவிக்கோ, பேசவே மறுப்பவனுக்கோ, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று பழகிய பெண் ஊழியர்களைப் போன்றவர்கள் தம் கைபேசியை நீட்டலாம்.

ஒரு மாதம் என்று நாம் குறிப்பிடுவது காரணத்தோடுதான். முதல் சில வாரங்களில் உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் பெரும்பாலோர்க்கு உண்டு. அவை தாமாகவே தணிந்துவிடும். மாதம் தாண்டியும் தணியாவிடில்தான் வைத்தியசாஸ்திரம் அதை வியாதியென்கிறது. ஆர்வக் கோளாறினால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஆலோசகரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல் என்று பிடுங்குவது நன்மை தராது. மேயூ கோஷ்டியாரே அவ்வாறு ஒரு முறை பேசவைத்தவர்களையும் பேசவைக்காதவர்களையும் மூன்று வருஷம் கழித்து ஒப்பிட்டு, பேசவைத்தவர்களே மோசமாயிருந்தார்கள் என்று 2000-ஆம் வருஷத்தில் எழுதினார்கள். ஆகவே முதல் டெலிபோனில் கேட்க வேண்டியது விபத்தின் கதையன்று. உறக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குத் திரும்ப முடிந்ததா, வீட்டில் துணை யார் என்பவையே. சொல்ல விரும்பினால் அவனே சொல்வான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல்கள் இந்தச் சம்பாஷணைகளைக் கேட்டு வாங்கி வாதிக்கு விரோதமாக உபயோகிப்பார்களே என்று சில நண்பர்கள் கேட்கலாம். சரியான சந்தேகம். 2017-ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம் வியாதியஸ்தனுடைய அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. மனோவியாதிக்கும் உடல் வியாதியைப் போலவே இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டுமென்றும் அதே சட்டம் விதிக்கிறது. அவனுடைய எழுத்து மூலமான சம்மதமின்றி ஒரு வார்த்தையும் வெளியே போகாதென்று திட்டத்திலேயே எழுதிவிடுவது நலம்.

பாஷை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைப்போரிற் பலர் ஒரிஸ்ஸா, பீஹார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள். இவர்கள் நெடுஞ்சாலையில் அடிபட்டால் பக்கத்தில் தாயாரில்லை, தாய்மொழி பேசுவாருமில்லை. டெலி மானஸ் 20 பாஷைகளில் நடக்கிறது. சென்னை ஆலோசகர் ஒரு பொத்தானை அமுக்கிப் புவனேசுவரத்துக்காரரிடம் இவனைச் சேர்த்துவிடலாம். நேரில் செய்ய முடியாததை டெலிபோன் செய்யும் இடம் இதுவே.

நமது ஊழியர்கள் ரஸ்தா மறியலுக்கு முதலில் வந்து நிற்கிறார்கள். வேகத்தடை, விளக்கு, மேம்பாலம் கேட்கிறார்கள், கேட்கட்டும். மறியல் கலைந்த ஒரு மாதம் கழித்து, அடிபட்டவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அவன் சம்மதித்தால் 14416-ஐத் தாமே கூப்பிட்டு அவன் கையில் கொடுக்கலாம். நஷ்டஈட்டு மனு எழுதித் தரும் வக்கீல் நண்பர்கள், எக்ஸ்ரே படத்தோடு மனோவைத்தியர் சீட்டும் இருக்கிறதா என்று கேட்கலாம். சட்டசபை அங்கத்தினர்கள் சுகாதார இலாகாவின் மானியக் கோரிக்கை வரும்போது எழுந்து, திருவள்ளூர் ஜில்லாவில் விபத்துச் சிகிச்சைக்குச் சர்க்கார் பணம் கொடுத்த அத்தனை பேருக்கும் ஒரு வருஷம் இவ்வாறு டெலிபோன் செய்து பார்த்து, முடிவைச் சபை முன் வைக்கச் சம்மதமா என்று மந்திரியைக் கேட்கலாம். கேட்பார்களா?