விலை மலியும் வாரங்களில்

தக்காளிக்கு நாம் தரும் 100 ரூபாயில் உழவரைச் சேர்வது ஏறத்தாழ 33 ரூபாய்தான் என்று 2024இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்று கணித்தது. எஞ்சியது போக்குவரத்து, அழுகல், தரகு, வணிகர் இலாபம் எனப் பிரிந்துபோகிறது. இந்தச் சங்கிலியைச் சுருக்கவே 1999இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர்களே அங்கு விற்கலாம்; அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும்.

ஆயினும், விலை ஏறினால்தான் நமக்குச் சந்தையின் நினைவு வருகிறது. மலியும் வாரங்களில் கைப்பேசிச் செயலியே போதும் என்றிருந்துவிடுகிறோம். சிறு உழவரை ஒடிப்பவை அந்த வாரங்களே. பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார். பொருளியல் கற்பித்த எனக்கு அனுதாபத்தைவிட நிலையான தேவையில் நம்பிக்கை அதிகம். விலை எதுவாயினும் வாரம் இருமுறை சென்று, அட்டையைப் பார்த்து வாங்குங்கள். சற்றே வெடித்த பழத்தையும் ஒதுக்க வேண்டாம். குழம்புக்கு அது தாராளமாகப் போதும்.