ஏற்காட்டுக்கு ஏற்ற ஹெலிகாப்டர் எது?

சேலத்து மைதானத்தில் துள்ளிப் பறந்த ஆர்.சி. ஹெலிகாப்டர், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு வந்ததும் சோம்பேறியாகிவிடும். பேட்டரி புதுசுதான். மோட்டாரில் பழுதில்லை. ஆனாலும் எழும்பத் தயங்கும். கொஞ்சம் வேகமாக இறக்கினால் பிடிமானம் கிடைக்காமல் தரையில் வந்து மோதும். வாங்கிய கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, சென்னைக் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 14 சதவிகிதம் குறைவு. அடிவாரத்துச் சேலத்தோடு ஒப்பிட்டாலும் சுமார் 10 சதவிகிதம் குறைவுதான். ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்தால், அதே வேகத்தில் சுற்றும் பிளேடின் தூக்கும் சக்தியும் அதே அளவு குறையும். ஆகவே, மலையில் இருக்கும் வீட்டுக்கு ஹெலிகாப்டர் வாங்கும்போது, சமவெளிக்காரர்கள் பார்க்காத சில விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

செவ்வாய் சொல்லும் பாடம்

மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்ட உலகப் புகழ்பெற்ற உதாரணம் நாசாவின் இன்ஜென்யூட்டி. 2021 ஏப்ரல் 19-ல் செவ்வாய் கிரகத்தில் முதல் முறை பறந்தது. 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் ஜே. பாப் பலராம், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர்.

பூமியின் காற்றில் சுமார் 1 சதவிகித அடர்த்திதான் செவ்வாயின் காற்றுக்கு உண்டு. அங்கே ஈர்ப்பு விசை குறைவு என்பது மட்டும்தான் சாதகம். அந்தக் காற்றில் எழும்ப, எடையை 1.8 கிலோவில் நிறுத்தினார்கள். பிளேடின் சுற்று அகலத்தை 1.2 மீட்டராக வைத்தார்கள். நிமிடத்துக்கு சுமார் 2,500 முறை சுழலவிட்டார்கள். எடை, பிளேடு, சுழலும் வேகம். ஏற்காட்டிலும் கவனிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

மின்சாரம்தான் மலைக்குத் தோழன்

எரிபொருளில் ஓடும் மாடல் ஹெலிகாப்டர்களும் இருக்கின்றன. ஆனால், இன்ஜின் எரிவதற்கும் காற்று வேண்டும். உயரம் கூடினால் பிளேடோடு சேர்ந்து இன்ஜினும் பலம் இழக்கும். மின் மோட்டாருக்கு மூச்சுத் திணறல் கிடையாது. பேட்டரி தரும் சக்தி சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒன்றுதான். பிளேடுக்கு ஏற்படும் குறையை மட்டும் சரிக்கட்டினால் போதும்.

எந்த சைஸ்?

இந்தப் பொழுதுபோக்கில் ஹெலிகாப்டர்களை 450, 500, 600 என்று எண்களால் அழைப்பார்கள். 450 சைஸில் பிளேடின் நீளம் சுமார் 325 மில்லிமீட்டர். எடை 1 கிலோவுக்குள். 500 சைஸில் பிளேடு சுமார் 425 மில்லிமீட்டர், சுற்று அகலம் ஒரு மீட்டரைத் தொடும், எடை 1.7 முதல் 2 கிலோ. 600 சைஸ் 3 கிலோவைத் தாண்டும். தைவானின் அலைன் டி-ரெக்ஸ், இத்தாலியின் சாப் கோப்ளின் போன்றவை பலரும் அறிந்த வரிசைகள்.

450 சைஸில் செலவு குறைவு. ஆனால், மலைக்காற்று வீசினால் அலைக்கழியும். சில்வர் ஓக் மரங்களின் பின்னணியில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. 600 சைஸ் நிலையாக நிற்கும். அதற்குத் தேவையான பரந்த சமதளத்துக்கு சேர்வராயன் மலையில் எங்கே போவது? நடுவில் இருக்கும் 500 சைஸ்தான் இங்கே பொருத்தம். அதிலும் எடை குறைவான மாடலைப் பாருங்கள். நிஜ ஹெலிகாப்டர் போலவே ஜன்னல், கதவு வைத்த அழகு உடல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். அந்தக் கூடுதல் எடையைத் தூக்குவதற்கான சக்தியைத்தான் மலை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதே!

ஒரு பல் செய்யும் மாயம்

14 சதவிகித இழப்பை ஈடுகட்ட, பிளேடு சுமார் 8 சதவிகிதம் வேகமாகச் சுற்றினால் போதும். வேகம் கொஞ்சம் கூடினாலே தூக்கும் சக்தி அதைவிட அதிகமாகக் கூடும் என்பதுதான் காரணம். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்பதை 2,600 ஆக்க வேண்டும். மோட்டாரில் 12 பல் சக்கரம் இருந்தால், அதை 13 பல்லாக மாற்றினாலே இது நடந்துவிடும். சில மாடல்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் செட்டிங்கை மாற்றியே சரிசெய்யலாம். தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வேகத்தை மட்டும் தாண்டக் கூடாது. எனவே, வாங்கும்போதே கூடுதல் பல் சக்கரம் கிடைக்குமா, மோட்டாருக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

விலையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ‘கிட்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் உடலும் இயந்திர பாகங்களும் மட்டும்தான். மோட்டார், சர்வோ, ஜைரோ, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் தனி. ‘காம்போ’ என்றால் இவற்றில் பல சேர்ந்து வரும். அப்போதும் ரிமோட், ரிசீவர், பேட்டரி, சார்ஜர் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டி மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

அதோடு உடையும் பாகங்களுக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். விழுந்தால் முதலில் போவது பிளேடு, நடு ஷாஃப்ட், பெரிய பல் சக்கரம், வால் குழாய். இவை ஏற்காடு கடைத்தெருவில் கிடைக்காது. உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதல் விபத்தோடு அலமாரிக்குப் போய்விடும். ஒரு செட் உதிரிகளைச் சேர்த்தே வாங்கிவிடுவது மிச்சம்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது, பாகங்களுக்குத் தடையில்லை. எனவே, வெளிநாட்டு இணையதளத்தில் முழு ஹெலிகாப்டரை ஆர்டர் செய்தால் கஸ்டம்ஸில் சிக்கலாம். முறையான பில் தரும் இந்திய விற்பனையாளரே பாதுகாப்பு.

பேட்டரிக்கும் குளிரும்

500 சைஸுக்கு வழக்கமாக 22.2 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. பறக்கும் நேரம் ஐந்தாறு நிமிடங்கள்தான். மெல்லிய காற்றில் மிதந்து நிற்கவே சுமார் 8 சதவிகிதம் கூடுதல் சக்தி செலவாகும். மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர்ந்த பேட்டரி இன்னும் சோர்ந்துபோகும். பறக்கவிடும் வரை கதகதப்பான பையில் வைத்திருங்கள். ரிமோட்டில் டைமரை ஒரு நிமிடம் குறைத்து வையுங்கள். பேட்டரியில் 20 சதவிகிதம் மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது யாராவது அருகில் இருக்க வேண்டும். கட்டில், சோஃபா பக்கம் வைத்து சார்ஜ் போடவே கூடாது.

இது பொம்மை அல்ல

ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 2,500 முறை சுழலும் பிளேடின் நுனி, மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், பூங்காவில் பறக்கவிட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் தன் ஹெலிகாப்டரே மோதி உயிரிழந்தார். அவர் அனுபவசாலி. ‘பையன் கேட்கிறான், வாங்கிக் கொடுத்துவிடலாம்’ என்று நினைக்கும் பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் பிள்ளைகள் இதை இயக்கக் கூடாது. பேட்டரியை இணைத்த நொடியிலிருந்து, பிளேடு நிற்கும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

எமரால்டு ஏரி, அண்ணா பூங்கா, லேடிஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாமே கூட்டம் கூடும் இடங்கள். மலை விளிம்பில் காற்று கீழிருந்து சுழன்று ஏறும். கை தவறினால் ஹெலிகாப்டர் பள்ளத்தாக்குக்குத்தான். காட்டெருமை நடமாடும் வனப்பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். விடுமுறை நாளில் அனுமதி பெற்ற பள்ளி மைதானமோ, ஆள் நடமாட்டம் இல்லாத சொந்த நிலமோ சரி. காலை வேளைதான் உகந்தது. பனிமூட்டம் ஏறிவிட்டால் ஹெலிகாப்டரின் மூக்கு எது, வால் எது என்றே தெரியாது.

2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ரிமோட் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும். 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை ‘மைக்ரோ’ வகை. பொழுதுபோக்குக்கு இதை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பேட்டரியோடு சேர்த்து 2 கிலோவைத் தாண்டினால் ‘ஸ்மால்’ வகைக்குப் போய்விடும். 500 சைஸ் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பதால், தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பதிவு எண், பறக்கத் தடையுள்ள பகுதி ஆகியவற்றை அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் எல்லை. கண் பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டரில் விழுங்கள்

தமிழ்நாட்டில் இந்தக் கலையைப் பலரும் திரும்பிப் பார்க்க வைத்தவர் நடிகர் அஜித் குமார். 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அவரை ஹெலிகாப்டர் டெஸ்ட் பைலட்டாகவும், ஆளில்லா விமான ஆலோசகராகவும் நியமித்தது. அவர் வழிகாட்டிய ‘தக்‌ஷா’ மாணவர் குழு, அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் 2-ம் இடம் பிடித்தது. அந்தக் கைப்பழக்கம் ஒரே நாளில் வருவதில்லை. ஹெலிகாப்டரின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பினால் இடது வலதாகும், வலது இடதாகும். அந்தக் குழப்பத்தில்தான் புதியவர்கள் கீழே போடுகிறார்கள்.

எனவே, பணத்தை முதலில் ரிமோட்டுக்குச் செலவழியுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து சிமுலேட்டரில் பழகலாம். அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. நான்கு பக்கமும் திருப்பி, அசையாமல் ஒரே இடத்தில் மிதக்கவிட வந்த பிறகு, கையடக்கமான சிறிய ஹெலிகாப்டர். அதிலும் கை நிதானப்பட்ட பிறகு 500 சைஸ். அப்போதும் ‘ரெஸ்க்யூ’ வசதி உள்ள ஜைரோவாகப் பாருங்கள். தடுமாறும்போது பட்டனைத் தட்டினால் ஹெலிகாப்டரை நிமிர்த்தி மேலே தூக்கும். அதற்குப் போதுமான உயரம் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன் விற்பனையாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பேட்டரியோடு மொத்த எடை என்ன? 1,500 மீட்டர் உயரத்துக்குச் சுழலும் வேகத்தைக் கூட்ட வழி இருக்கிறதா? பறக்கவிட இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்? உடைந்தால் உதிரி எத்தனை நாளில் மலைக்கு வந்து சேரும்? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் வாங்கலாம். ஒன்றுக்கு மழுப்பினாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.