டீசல் வரியில் நம்ம பேரைச் சொல்லி நாலு ரூபாய்!



கரும்பை வெட்டி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ டிராக்டரில்தான் அனுப்புகிறோம். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட்டவர்களும் வண்டி வைத்துத்தான் கீழே இறக்குகிறார்கள். உழவுக்கும் டீசல், அறுப்பு மெஷினுக்கும் டீசல். வாடகை ஏன் ஏறுதுன்னு டிராக்டர்காரரைக் கேட்டால், "டீசல் விலையைப் பாருங்க அண்ணே" என்கிறார். அவரைக் கோவிச்சுப் பிரயோஜனமில்லை.

கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கலவை. கார்பன் அணுக்கள் சங்கிலி மாதிரி கோத்திருக்க, சுற்றிலும் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் பள்ளியில் ஆல்கேன் என்று படிக்கிறார்களே, அது இதில் பெரும்பங்கு. ஒரே கண்ணி என்றால் மீத்தேன்; நாம் போடும் யூரியாவுக்கு மூலம் அந்த வாயுதான். மூன்று, நாலு கண்ணி என்றால் சிலிண்டர் கேஸ். ஐந்திலிருந்து பத்து, பன்னிரண்டு வரை பெட்ரோல். அதற்கு மேல் மண்ணெண்ணெய், பிறகு சுமார் இருபது கண்ணி வரை நம்ம டீசல். அடியில் தங்குவது ரோடு போடும் தார்.

சங்கிலி நீள நீள, கொதிக்க வேண்டிய சூடும் கூடும். சுத்திகரிப்பின் சூட்சுமமே இதுதான். 1969-லிருந்து ஓடும் மணலி ஆலையில் கச்சா எண்ணெயை 350 டிகிரி அளவுக்குக் காய்ச்சிக் கோபுரத்தில் விடுகிறார்கள். லேசானது உச்சிக்குப் போகும், டீசல் நடுவில் குளிர்ந்து இறங்கும். பிறகு கந்தகத்தை நீக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் கச்சா விலை விழுந்தபோது என்ன நடந்தது? 2020 ஏப்ரலில் 159 லிட்டர் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு வந்தது. மே மாதம் மத்திய அரசு இரவோடு இரவாக டீசல் லிட்டருக்கு 13 ரூபாய் கலால் ஏற்றியது. 2014 ஏப்ரலில் 3 ரூபாய் 56 காசாக இருந்த வரி 31 ரூபாய் 83 காசாக நின்றது. மாநில அரசும் அதே மே மாதம் 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்று தன் வரியை ஏற்றியது. 2021, 2022-ல் மத்திய அரசு இரண்டு தடவையாக 16 ரூபாய் குறைத்தது உண்மை. 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றியதும் உண்மை.

கூத்தைக் கேளுங்கள். 2021 பட்ஜெட்டில் அந்தக் கலாலுக்குள்ளேயே 4 ரூபாய்க்கு விவசாய உள்கட்டமைப்பு வரி என்று பேர் வைத்தார்கள். நம்ம பேரால் வரி, கட்டுவதும் நாமே! அதே ஆண்டு தேர்தலில் டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று சொல்லி வந்த திமுக அரசு, ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தது. டிராக்டர் பெட்ரோலில் ஓடாது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லையா?

மீன்பிடி படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. நல்ல ஏற்பாடு, தொடரட்டும். உழவுக்கும் ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று அதேபோல் தர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கல்வராயன் மலையில் பட்டா இல்லாமல் பாடுபடுகிறவர்களைச் சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வருபவர்கள் டீசல் பில்லை எடுத்து வாருங்கள். வாடகைக்கு உழுதவர்கள், ஏக்கருக்கு எத்தனை லிட்டர் ஆச்சுன்னு டிராக்டர்காரரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தால் போதும்.