எங்கட சனத்துக்கு எல்லாம் விளங்கும்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் சில பெடியளும் பெட்டையளும் சேர்ந்து ஒரு ஸ்பானிய நாடகத்தைத் தமிழில் போட ஆசைப்பட்டார்கள். பிரதி கையில் இருந்தது. நடிக்க ஆள் இருந்தது. ஒத்திகைக்குப் பின்னேரங்களில் ஒரு மண்டபம் மட்டும் தேவைப்பட்டது. ஊர்க் கூட்டமொன்றில் எழுந்து கேட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். பெரியவர் ஒருவர் எழும்பினார். "தம்பியவை, வெள்ளைக்காரன்ர நாடகம் எங்கட சனத்துக்கு விளங்காது. எங்கட மண்ணுக்கு ஏத்த மாதிரி ஏதும் செய்யுங்கோ" என்றார். கூட்டம் தலையாட்டியது. மண்டபம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை.

'விளங்காது' என்கிற இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். படிக்காதவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. சொல்பவர் எப்போதும் படித்தவர். தனக்கு விளங்கும், பக்கத்து வீட்டுக்காரனுக்கு விளங்காது என்பதே அவருடைய நினைப்பு. தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவனுக்கும் சந்தைக்குக் குலை கொண்டுபோகிறவனுக்கும் சோற்றையும் சாமியையும் தவிர எதுவும் விளங்காது என்று அவர் தீர்மானித்துவிட்டார். மண்வாசனை, மரபு, வேர் என்று எத்தனை அழகான சொற்களால் போர்த்தாலும் உள்ளே இருப்பது சொந்தச் சனத்தின் மேலுள்ள இளக்காரம்தான்.

விளங்காது என்று சொல்கிறவர்களிடம் ஒரேயொரு நாடகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1979இல் யாழ்ப்பாணத்தில் 'ஒரு பாலை வீடு' மேடையேறியது. ஸ்பானியக் கவிஞர் லோர்க்கா 1936இல் எழுதி முடித்த நாடகம். எழுதி இரண்டு மாதங்களுக்குள் தளபதி பிராங்கோவின் ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தான் எழுதியதை மேடையில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த நாடகத்தை நம்மூருக்குக் கொண்டுவந்தது பாலேந்திராவும் கூட்டாளிகளும் அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்த அவைக்காற்று கலைக் கழகம். சின்னக் குழு. அரச பணம் இல்லை, மாளிகை இல்லை. அதே குழு ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தை 'யுகதர்மம்' என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. டென்னஸி வில்லியம்ஸின் நாடகத்தைக் 'கண்ணாடி வார்ப்புகள்' என்று தந்தது. நிர்மலா நித்தியானந்தன் போன்றவர்கள் அவர்களுக்காக உட்கார்ந்து தமிழாக்கினார்கள்.

அந்தப் பாலை வீட்டுக்குள் என்ன நடக்கிறது? புருசன் செத்த வீடு. தாய் பெர்னார்டா அல்பா தடியை நிலத்தில் தட்டி, எட்டு வருசம் துக்கம் என்கிறாள். எட்டு வருசமும் தெருக்காற்று உள்ளே வரக்கூடாது. கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. உள்ளே கலியாணமாகாத ஐந்து பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு முப்பத்தொன்பது வயது, கடைசிக்கு இருபது. மூத்தவளுக்கு மட்டும் தகப்பன்வழிச் சொத்து உண்டு. அதனால் இருபத்தைந்து வயது மாப்பிள்ளை அவளைக் கேட்டு வருகிறான். அவன் கண் இருப்பதோ கடைசியின் மேல். அயலில் என்ன கதைப்பார்கள் என்பதுதான் அந்த வீட்டின் சட்டம். வேலைக்காரிக்கு எல்லாம் தெரியும். கிழவி ஒருத்தியை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். சனத்தின் கண்ணில் பட்டால் மானம் போய்விடுமாம்.

இதில் எது விளங்காது? சீதனம் விளங்காதா? முதிர்கன்னி விளங்காதா? மூத்தவளுக்கு ஒப்பேறாமல் இளையவளுக்குப் பேசமாட்டோம் என்கிற நியாயம் விளங்காதா? படலையில் யார் நிற்கிறார்கள் என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கிற கண் விளங்காதா? நீர்வேலியில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஒரு பெர்னார்டா வீடு உண்டு. அந்தக் காலத்தில் அதற்குக் கிடுகு வேலி, இப்போது கனடாக் காசில் எழும்பிய எட்டடி மதில். வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாடகத்தில் வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண் ஒருவன்கூட மேடைக்கு வருவதில்லை. வெளியே குதிரைச் சத்தம் கேட்கும், அறுவடைக்குப் போகிறவர்களின் பாட்டுக் கேட்கும், அவ்வளவுதான். கூத்திலும் இசை நாடகத்திலும் ஆண்கள் சேலை கட்டிப் பெண்ணாக ஆடிய ஊரில், பெண்களே மேடையை நிறைத்துப் பெண்களின் அடைபட்ட வாழ்வைப் பேசினார்கள். அதற்கு ஒரு ஸ்பானியன் எழுதிய பிரதி வேண்டியிருந்தது. நம்முடைய மரபு அந்த இடத்தை அதுவரை எந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது? மரபு பேசுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

மரபு என்று வந்த பிறகு அதையும் பார்த்துவிடுவோம். பாசையூரிலும் குருநகரிலும் விடிய விடியச் செபஸ்தியார் கூத்து ஆடுகிறார்கள். செபஸ்தியார் எந்த ஊர்? உரோமாபுரிப் படைவீரர். மன்னாரில் ஆடிய 'என்றிக் எம்பரதோர்' ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவரின் கதை. பேராசிரியர் வித்தியானந்தன் அதைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார், நாம் அதை நம்முடைய செல்வம் என்று கொண்டாடினோம். கொண்டாடியது சரிதான். நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' கோயில் வீதிகளில் ஆயிரக்கணக்கான முறை மேடையேறியது. அதற்குப் பக்கவாத்தியமான ஆர்மோனியம் பிரான்சில் பிறந்தது. பின்னால் தொங்கிய சீனும் சட்டக மேடையும் பார்சி நாடகக் கம்பனிகள் வழியாக வந்த ஐரோப்பிய வழக்கம். கலையரசு சொர்ணலிங்கம் நடித்த 'வாணிபுர வணிகன்' சேக்ஸ்பியர் எழுதியது, பம்மல் சம்பந்த முதலியார் தமிழில் தந்தது. சொர்ணலிங்கத்தையும் வெள்ளைக்காரன் நாடகம் போட்டவர் என்று தள்ளிவிடுவோமா? அப்படித் தள்ளினால் ஈழத்து நாடக வரலாற்றில் முதல் அத்தியாயமே மிஞ்சாது.

நல்லூர் ஆறுமுக நாவலரை விடச் சைவத்துக்கும் தமிழுக்கும் கட்டுப்பட்ட ஒருவரை யாழ்ப்பாணத்தில் காட்ட முடியுமா? அவர் பேர்சிவல் பாதிரியாருக்குப் பக்கத்தில் இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினார். அவருடைய சைவம் கரைந்து போனதா? நம்முடைய நீர்வேலிச் சங்கர பண்டிதர் வடமொழியைக் கரைத்துக் குடித்தவர் என்று ஊரே பெருமைப்படுகிறது. வேற்றுமொழி படித்ததற்காக அவரைப் பெருமைப்படுத்துகிற அதே வாய், வேற்றுமொழி நாடகம் வேண்டாம் என்கிறது. பேராசிரியர் சிவத்தம்பி பழந்தமிழர் நாடகத்தை ஆராய பர்மிங்காம் போய், கிரேக்க நாடகத்தில் தோய்ந்த ஜோர்ஜ் தொம்சனிடம் படித்தார். தமிழை அறிய அவருக்குக் கிரேக்கம் தேவைப்பட்டது. கூட்டத்தில் எழும்பிப் பேசிய பெரியவருக்கு மட்டும் தேவைப்படவில்லை.

தெற்கே பாருங்கள். ஹென்றி ஜயசேன பிரெக்ட்டின் வெண்கட்டி வட்ட நாடகத்தை 1967இல் சிங்களத்தில் போட்டார். 'ஹுணுவடயே கதாவ' என்றால் இன்றைக்கும் சிங்களச் சனம் எழுந்து நிற்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் உரிமை கோருகிற அந்த வழக்கு சீனத்தில் இருந்தது, பைபிளில் இருந்தது, பௌத்த சாதகக் கதையில் இருந்தது. ஜேர்மன்காரன் எழுதினான் என்பதற்காகச் சிங்களவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. தமிழருக்கு மட்டும் மூளையில் ஏதும் குறையா?

சரி, மொழிபெயர்ப்பு விளங்காது என்கிறவர் வீட்டில் பின்னேரம் ஏழு மணிக்கு என்ன ஓடுகிறது? இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த தொடர். வாய் ஒரு பக்கம் அசைய வசனம் இன்னொரு பக்கம் போகிறது. நீர்வேலியில் ஒருவருடைய வாழ்விலும் இல்லாத மாளிகை, ஒருவரும் போடாத நகை, ஒருவரும் கும்பிடாத முறையில் ஒரு பூசை. அது விளங்குகிறது. மாமி மருமகளுக்கு நஞ்சு கலக்கிற அந்தக் கூத்தை வருசக்கணக்காக அழுது அழுது பார்க்க முடிகிறது. ஐந்து பெண்கள் ஒரு வீட்டுக்குள் அடைபட்டு மூச்சு முட்டுகிற ஒரு மாலை நேர நாடகம் மட்டும் அந்நியமாகிவிடுகிறது.

விளங்காமல் போய்விடும் என்ற பயம் இவர்களுக்கு இல்லை. விளங்கிவிடும் என்றுதான் பயம். திரும்பவும் பாலை வீட்டுக்கு வருகிறேன். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் தெருவில் சத்தம் கேட்கிறது. கலியாணமாகாத பெண் ஒருத்தி பிள்ளை பெற்று, ஊருக்குப் பயந்து கொன்று, கல்லுக்குக் கீழே மறைத்திருக்கிறாள். நாய்கள் அதை இழுத்து வந்துவிட்டன. ஊர் அவளைத் தெருவில் இழுத்துப் போகிறது. காவலர் வருவதற்குள் அவளைக் கொல்லுங்கள் என்று வாசலில் நின்று கத்துகிறாள் பெர்னார்டா. கடைசி மகள் அடேலா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று அலறுகிறாள். முடிவில் அவளே தாயின் கையிலிருந்த தடியைப் பறித்து இரண்டாக முறிக்கிறாள். பிறகு தூக்கில் தொங்குகிறாள். தாய் அழவில்லை. மகள் கன்னியாகவே செத்தாள் என்று ஊருக்குச் சொல்லும்படி கட்டளையிடுகிறாள். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்கிறாள்.

நம்மூரில் இது நடக்கவில்லையா? பெட்டை மருந்து குடித்துச் செத்தால் வயிற்றுக்குத்து என்று சொல்லி எடுக்கவில்லையா? அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டில் குணவதி, பண்பின் சிகரம் என்று புகழ்ந்து எழுதவில்லையா? இந்த நாடகம் நீர்வேலியில் நடந்தால் முன்வரிசையில் இருக்கிற அம்மாமாருக்கு மூன்றாவது நிமிடமே எல்லாம் விளங்கும். பக்கத்தில் இருக்கிற மகளை அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பலைத்தான் நம்முடைய பெரியவர்களால் தாங்க முடியாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் மண்வாசனை.

கிரேக்கத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். செத்த தமையனின் உடலைப் புதைக்கக்கூடாது என்று அரசன் கட்டளை போடுகிறான். தங்கை அன்டிகனி கைநிறைய மண் அள்ளிப் போட்டுச் சாவை ஏற்றுக்கொள்கிறாள். சோபக்கிளிஸ் இதை எழுதி இரண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு மேலாகிறது. நீர்வேலியிலிருந்து பக்கத்துக் கோப்பாய்க்குப் போங்கள். அங்கே மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. இறுதிப் போருக்குப் பிறகு கல்லறைகளை இடித்துத் தள்ளி அதன்மேல் படைமுகாம் கட்டினார்கள். பிள்ளைக்கு விளக்கு வைக்க இடமில்லாமல் தெருவோரத்தில் நிற்கிற தாய்க்கு அன்டிகனி விளங்காதா? அதை விளக்க எந்தப் பேராசிரியராவது வரவேண்டுமா?

இன்னொரு கூத்தும் நடக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். பிள்ளைகள் கிரேக்க அரங்கு, இப்சன், பிரெக்ட் எல்லாம் படிக்கிறார்கள். ரியூசன் கொட்டிலில் நோட்ஸ் கொடுக்கிறார்கள், மனப்பாடம் செய்து ஏ எடுக்கிறார்கள். அந்த நாடகங்களில் ஒன்றைத் தன்னும் மேடையில் பார்க்காமலே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறுகிறார்கள். நீந்தத் தண்ணீரே காட்டாமல் நீச்சலுக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். பரீட்சைக்கு வெள்ளைக்காரன் வேண்டும், மேடைக்கு வேண்டாம். போட்டிக்கு என்று சொல்லிப் பதினைந்து நிமிட நாடகம் பழக்கி, நடுவருக்குப் பிடித்த அழுகையையும் ஒரு பாட்டையும் செருகி, கிண்ணம் வாங்கி அலுமாரியில் வைப்பதுதான் நம்முடைய நாடக வளர்ச்சி.

காசு இல்லை என்றும் சொல்வார்கள். திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பாட்டுக்கோஷ்டி வருகிறது, அதற்குக் காசு வருகிறது. இருக்கிற கோபுரத்தை இடித்துப் பெரிய கோபுரம் கட்டக் காசு வருகிறது. குளிரூட்டிய கலியாண மண்டபங்கள் வீதிக்கு வீதி எழும்புகின்றன. பத்துப் பேர் பின்னேரம் கூடி வசனம் பேசிப் பழக ஓட்டைக் கூரைக்குக் கீழே ஓர் இடம் கொடுக்க ஊரிடம் எதுவும் இல்லை. குழந்தை சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 'மண் சுமந்த மேனியர்' எழுதியவர், இந்த மண்ணின் துயரத்தை அவரைப்போல மேடையேற்றியவர் வேறு யார்? உலக நாடகங்களை விடாமல் தமிழாக்கிக்கொண்டே இருந்தவரும் அவர்தான். ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்று அவர் நினைக்கவில்லை. 2025 தை மாதம் அவர் காலமானபோது அஞ்சலிக் கூட்டம் வைத்தோம், மாலை போட்டோம், பேசினோம். அவர் தமிழாக்கியது போன்ற ஒரு நாடகத்தைப் போட மண்டபம் கேட்டால் விளங்காது என்கிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். 'சரி ஐயா' என்று திரும்பிப் போகாதீர்கள். மண்டபம் தராவிட்டால் ஒரு வீட்டு முற்றத்தில் ஒத்திகை பாருங்கள், பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலாவது போடுங்கள். ரிக்கற் விற்க வேண்டாம், வாசலில் உண்டியல் வையுங்கள். தோட்டக்காரரையும் சந்தை ஆச்சிமாரையும் முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். விளங்காவிட்டால் அவர்கள் எழும்பிப் போவார்கள். நம்முடைய சனம் பிடிக்காத இடத்தில் ஒரு நிமிடமும் இருக்காது, அந்த அளவுக்கு நேர்மை அவர்களிடம் உண்டு. எழும்பிப் போவதா, இருந்து பார்ப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அவர்களுக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்ல அந்தக் கூட்டத்தில் எழும்பிய ஒருவருக்கும் உரிமை இல்லை.