மடித்தால் டெப், விரித்தால் லெப்டொப்: வாங்குமுன் சில வார்த்தைகள்

 

பிள்ளைகள் சாதாரண தரம் முடித்து உயர்தர வகுப்பில் சேரும் காலம் வந்தாலே பல வீடுகளில் ஒரு பேச்சு எழும்பும். "உம்மா, எனக்கு ஒரு லெப்டொப் வேணும்" என்பாள் மகள். "டெப் ஒன்று போதாதா?" என்பார் வாப்பா. கடைக்குப் போனால், கடைக்காரர் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றை எடுத்து வைப்பார். "இது லெப்டொப்பும்தான், டெப்பும்தான். ஒன்று வாங்கினால் இரண்டு வாங்கிய மாதிரி" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காசு கொடுக்கப் போவது நாம் அல்லவா? ஆகவே இந்த மாதம் இந்த இரட்டைக் கருவியைப் பற்றிப் பார்ப்போம்.

விலை விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை போனது. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்கள் எல்லாம் அதோடு விலை ஏறின. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. ஒரு நல்ல லெப்டொப் என்பது இன்று பல குடும்பங்களுக்குச் சில மாதச் சம்பளம். உம்மாவின் வளையலை விற்று வாங்கும் வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட காசை, கடையில் அழகாக மடிந்து காட்டுகிறது என்பதற்காகச் செலவழிக்கலாமா?

இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. இரண்டும் 2012ஆம் ஆண்டளவிலிருந்து கடைகளில் பரவலானவை. ஒன்று கழற்றும் வகை. திரை தனியாக, விசைப்பலகை தனியாக வரும். மைக்ரோசொப்டின் சர்ஃபேஸ் இந்த வகை. மற்றது மடக்கும் வகை. விசைப்பலகை கழராது, திரையை முழுவதும் பின்னால் திருப்பினால் டெப் மாதிரி ஆகிவிடும். லெனோவோவின் யோகா இந்த வகை.

இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சாதாரண டெப் ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். விசைப்பலகை இல்லாத சர்ஃபேஸ் ப்ரோ 900 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 14 அங்குல யோகா வகைகள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோவை ஒரு கையில் பிடித்து மறு கையால் எழுத எத்தனை நிமிடம் முடியும்? ஆகவே மடக்கும் வகையை மேசையிலோ மடியிலோ வைத்துத்தான் டெப்பாகப் பாவிக்கலாம். கழற்றும் வகை கைக்கு இலேசு. ஆனால் அதை மடியில் வைத்துத் தட்டெழுதும்போது தள்ளாடும், மேசை வேண்டும். அதோடு, விசைப்பலகையும் பேனாவும் பெட்டிக்குள் இருக்கின்றனவா, தனி விலையா என்று கட்டாயம் கேளுங்கள். பல மாதிரிகளில் இரண்டுக்கும் வேறாகக் காசு கொடுக்க வேண்டிவரும்.

சரி, யாருக்கு இது தேவை? என் கருத்து இதுதான்: வீட்டில் ஒருவர் அநேகமான நாட்களில் பேனாவால் திரையில் எழுதவோ வரையவோ போகிறார் என்றால் மட்டும் இந்தக் கருவிக்குக் கூடுதல் காசு கொடுங்கள். இல்லையென்றால், அதே காசுக்கு இதைவிடத் திறமான சாதாரண லெப்டொப் கிடைக்கும்.

உயிரியல் படிக்கும் மகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் வரைந்து பழக வேண்டும். கணிதம் படிக்கும் மகன் சமன்பாடுகளைக் கையால் எழுத வேண்டும். வீட்டிலிருந்து இணையவழி வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்குத் திரையே கரும்பலகை. அபாயா தைக்கும் சகோதரி ஒருவர் கைப்பூ வேலையை வரைந்து, நிறம் மாற்றி, வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். இவர்களுக்கெல்லாம் இது நல்ல கருவி. ஆனால் கடைக் கணக்கு எழுதவும், கடிதம் தட்டெழுதவும், பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்கவும்தான் என்றால் மடக்குவதால் ஒரு நன்மையும் இல்லை. வாங்கிய முதல் கிழமை மடக்குவோம், பிறகு மறந்துபோவோம்.

பேனாவிலும் இரண்டு விதம் உண்டு. நுனியில் இறப்பர் உள்ள மலிவான பேனா விரலுக்குப் பதிலாகத் தொடும், அவ்வளவுதான். உள்ளங்கை திரையில் பட்டால் அதுவும் கோடாக விழும். மின்னணுப் பேனா என்றால், கையை ஊன்றி எழுதினாலும் கருவி பேனாவை மட்டும் கவனிக்கும். அழுத்தி எழுதினால் கோடு தடிக்கும். படிப்புக்கு இதுதான் தேவை. எல்லாப் பேனாவும் எல்லாத் திரைக்கும் பொருந்தாது. அந்த மாதிரிக்கு உரிய பேனாவா என்று கேட்டு, கடையிலேயே பிள்ளையைக் கொண்டு இரண்டு வரி எழுதிப் பாருங்கள்.

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம். விண்டோஸ் 11 ஓடுவதற்கு ஆகக் குறைந்தது 4 ஜீபி ரேம், 64 ஜீபி சேமிப்பு என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது. அது வெறுமனே ஓடுவதற்கான அளவு. ஸூம் வகுப்பையும் பாடக் குறிப்பையும் ஒன்றாகத் திறந்தால் 4 ஜீபி இழுபறிப்படும். 8 ஜீபி ரேம், 256 ஜீபி எஸ்எஸ்டி என்பதற்குக் கீழே போக வேண்டாம். மெல்லிய கருவிகள் பலவற்றில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். பிறகு காசு வந்தால் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்க முடியாது.

நாம் பாவிக்கும் மென்பொருள் அதில் ஓடுமா என்பதும் முக்கியம். 2012இல் வந்த முதலாவது சர்ஃபேஸின் கதை இதற்கு நல்ல பாடம். பார்வைக்கு அது விண்டோஸ்தான். ஆனால் அதில் இருந்தது விண்டோஸ் ஆர்டி என்ற வேறொன்று. வழமையான விண்டோஸ் மென்பொருள்களை அதில் நிறுவ முடியாது. சனங்கள் வாங்கவில்லை. 2013 ஜூலையில் மைக்ரோசொப்ட் 90 கோடி டொலரை நட்டமாக எழுத நேர்ந்தது. இன்றும் குரோம்புக் என்ற கருவியில் விண்டோஸ் மென்பொருள் ஓடாது. ஸ்னெப்டிரகன் சில்லு உள்ள விண்டோஸ் கருவிகளில் பெரும்பாலானவை ஓடினாலும், சில பழைய பிரிண்டர்கள் வேலை செய்யாது. விண்டோஸில் எஸ் மோட் என்று போட்டிருந்தால், மைக்ரோசொப்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டுமே நிறுவலாம். அதிலிருந்து இலவசமாக வெளியே வரலாம். திரும்பப் போக முடியாது.

தமிழில் எழுதும் சகோதரிகளுக்கு இன்னொரு சொல். விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகை முறைகள் கூடவே வருகின்றன. பாமினி எழுத்துருவில் பழகிய கை என்றால் அது உண்மையான விசைப்பலகையில்தான் ஓடும். திரையில் தோன்றும் விசைப்பலகையில் ஒரு கட்டுரை எழுதுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆகவே கழற்றும் வகையில், விசைப்பலகை இல்லாமல் சமாளிப்போம் என்று விட்டுவிடாதீர்கள்.

பாவித்த கருவி மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சில்லு வேண்டும். பெயரில் ஐ5-8250 என்று 8இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. 2017இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோவுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. 2018இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 6க்குக் கிடைக்கும். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பழைய கழற்றும் கருவிகள் பலவற்றில், ஒட்டிய திரையைக் கழற்றாமல் பெட்டரி மாற்ற முடியாது. அந்த வேலையில் கண்ணாடி உடைந்தால் மலிவு மலிவாக இராது.

நம் சமூகத்தில் இன்னொரு வழியாலும் கருவி வீட்டுக்கு வரும். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பாவோ நானாவோ லீவில் வரும்போது கொண்டு வருவார். நல்லதுதான். வாங்கும்போது, உத்தரவாதம் இலங்கையிலும் செல்லுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த நாட்டுக்கு மட்டும் என்றால், இங்கே பழுதானால் செலவு முழுவதும் நமது. மின்சாரம் அங்கும் இங்கும் ஒத்துப்போகும். விசைகளில் அரபு எழுத்தும் சேர்ந்திருக்கும். அரபு படிக்கும் பிள்ளை இருந்தால் அது நன்மையே.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்கள்? யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் கருவி என்றால், அதற்கு ஏற்ற வலுவுள்ள பவர்பேங்கிலும் ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜர் தொலைந்தாலும் வேறொன்று எளிதில் கிடைக்கும்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவுக்குப் போனாலும் சரி, உங்களூர்க் கடைக்குப் போனாலும் சரி, ஐந்து காரியங்களைச் செய்யாமல் காசைக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் கையில் வைத்திருந்து பாரம் பாருங்கள். கீலை நான்கைந்து முறை திறந்து மூடி, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். திரையின் நான்கு மூலைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். திரையை மடக்கியதும் பின்பக்க விசைகள் வேலை செய்யாமல் நிற்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். கடைசியாக, தொடுதிரை உடைந்தால் மாற்ற எவ்வளவு, உத்தரவாதம் எதையெல்லாம் உள்ளடக்கும் என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. எழுதி வைக்கும் பழக்கம் கடைத்தெருவிலும் நம்மைக் காக்கும்.

காசு போதாவிட்டால் தவணைக்குத் தருவதாகச் சொல்வார்கள். அதில் வட்டி இருக்கிறதா, கட்டணம் என்ற பெயரில் ஏதும் சேர்க்கிறார்களா, ஒரு மாதம் பிந்தினால் என்ன வசூலிப்பார்கள் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஆலிம் ஒருவரிடம் விசாரியுங்கள். பிள்ளையின் கல்வி வட்டியில் தொடங்க வேண்டியதில்லை. சீட்டுக் காசு கைக்கு வரும்வரை ஆறு மாதம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அதுவரை, வீட்டில் ஏற்கெனவே லெப்டொப் இருந்தால், யூஎஸ்பியில் இணைக்கும் எழுதுபலகை ஒன்றை வாங்கினாலே இணைய வகுப்பில் வரையவும் எழுதவும் முடியும். ஒரு புதுக் கருவியின் விலையில் அது சிறு பங்குதான்.

வாங்கிய பிறகும் நமக்கு ஒரு கடமை இருக்கிறது. லெப்டொப் மேசையில் இருக்கும். டெப்பாக மடித்தால் அது கட்டிலுக்கும் போகும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்குத் திறந்து, மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் குடும்பப் பாதுகாப்பு வசதியில் நேரத்தையும் தளங்களையும் வரையறுங்கள். இஷாவுக்குப் பிறகு கருவிக்கு இடம் வீட்டின் கூடம் என்று ஒரு வழக்கம் வையுங்கள். மறைத்து வைப்பதற்காக அல்ல, எல்லோர் கண்ணிலும் படுவதற்காக. அந்த வழக்கம் பெரியவர்களுக்கும் பொருந்தட்டும். பிள்ளைகள் நம்மைத்தான் பார்க்கிறார்கள்.

சகோதரிகளே, வீண்விரயம் என்பது விலை கூடிய பொருளை வாங்குவது மட்டுமல்ல. பாவிக்காத வசதிக்குக் காசு கொடுப்பதும்தான். அதுபோல, உண்மையில் தேவைப்படும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது விரயம் ஆகாது. கடைக்குப் போகுமுன் மகளை அருகில் இருத்தி, "இந்தக் கிழமை எத்தனை நாள் நீ கையால் வரைந்தாய்?" என்று கேளுங்கள். எதை வாங்குவது என்பது அவள் பதிலிலேயே பாதி தீர்ந்துவிடும்.

நம் பிள்ளைகளின் அறிவிலும் நம் வீட்டுச் செல்வத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.