ஏரி வண்டலும் மழைக் கணக்கும்

மாசி, பங்குனியில் ஏரிகள் வற்றித் தரை வெடித்ததும் நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் வண்டல் அள்ளும் வேலை தொடங்கிவிடுகிறது. மாட்டு வண்டி கட்டிச் சென்ற காலம் போய், இப்பொழுது டிராக்டரும் டிப்பரும் ஏரிக்குள் இறங்குகின்றன. உரிய அநுமதி பெற்றுக் குடியானவர்கள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சர்க்காரும் இடங்கொடுத்திருக்கிறது. செம்மண், சரளை நிலங்களுக்கு ஏரி வண்டல் எவ்வளவு நன்மை பயக்கும் என்பதும், தூர் நீங்கிய ஏரி எவ்வளவு அதிக நீர் கொள்ளும் என்பதும் இதைப் படிப்போருக்கு எடுத்துரைக்க வேண்டியவை அல்ல. ஆகவே, வண்டல் அள்ளுதலை நான் தடுக்க வரவில்லை. அள்ளுமுன் ஒவ்வோர் ஏரியிலும் ஒரு சென்டுக்கும் குறைவான இடத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். அதன் காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

கிராமக் கணக்குகளில் அடங்கல் என்பது ஒன்று. எந்தப் பசலியில் எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் விளைந்தது என்பதை அதைப் பார்த்து அறியலாம். ஏரியின் அடித்தரையிலும் இயற்கை இத்தகைய கணக்கு ஒன்றை எழுதி வருகிறது. மரம், செடி, புல் யாவும் பூக்குங்காலத்தில் மகரந்தத் தூளை உதிர்க்கின்றன. அதில் ஒரு பகுதி காற்றிலும் ஓடை நீரிலும் வந்து ஏரியில் விழுந்து சேற்றோடு படிகிறது. மகரந்த மணியின் மேல்தோல் மிக உறுதியானது. கடுந் திராவகங்களும் அதை எளிதில் கரைப்பதில்லை. நீருக்கடியில் காற்றுப் புகாத சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். அன்றியும், அம்மணியின் வடிவும் மேற்புறக் கோலமும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஆகையால் ஒரு குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, வாழைத்தண்டு போன்ற மண் உருளையாக எடுத்து, மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகப் பரீக்ஷித்தால், எந்தக் காலத்தில் அவ்விடத்தைச் சுற்றிக் காடு இருந்தது, எந்தக் காலத்தில் புல்வெளி இருந்தது, எப்பொழுது உழவு பரவிற்று என்பவை ஒருவாறு புலப்படும். தாவரம் மழையைப் பின்பற்றுவதால் மழையின் ஏற்றத்தாழ்வும் அதனுடன் தெரியவரும். சேற்றின் வயதை அதிலுள்ள கரியைக்கொண்டு கணக்கிடும் முறையும் உண்டு.

இம்முறையை 1916-ல் ஸ்வீடன் தேசத்து லென்னார்ட் வான் போஸ்ட் என்பவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். நம் தேசத்தில் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி 1946-ல் லக்னோவில் நிறுவிய தொல்தாவர ஆராய்ச்சிக் கழகமும், 1955-ல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் பெரும்பணி ஆற்றியுள்ளன. இராஜஸ்தானத்தில் இன்று உப்புப் பாளமாகக் கிடக்கும் சாம்பர், தித்வானா முதலிய ஏரிகள் ஒரு காலத்தில் நன்னீர் நிறைந்திருந்தன என்பதை குர்தீப் சிங் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மகரந்தத்தைக் கொண்டே 1974-ல் விளக்கினார்கள்.

நமக்கு அண்மையில் உள்ள சாட்சி நீலகிரி மலையில் இருக்கிறது. ஆட்டுப் பண்ணையால் பலரும் அறிந்த சாண்டிநல்லாவிலும் பிற பள்ளங்களிலும் செடிகொடிகள் அழுகிப் படிந்த கரிய சதுப்பு மண் உண்டு. மனிதர் காட்டை எரித்தழித்ததனால்தான் நீலகிரிப் புல்வெளிகள் உண்டாயின என்று பலர் எண்ணியிருந்தனர். அம்மண்ணிலுள்ள மகரந்தமோ, புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகவே அங்கு இருந்து வருகின்றன என்று காட்டிற்று. 1993-ல் சுகுமார், ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் அதே மண்ணிலுள்ள கரியின் வகையை ஆராய்ந்தார்கள். சோளம், கம்பு, கரும்பு, வெப்பநாட்டுப் புற்கள் ஆகியவை கரியைக் கிரகிக்கும் விதம் ஒன்று. மரங்களும் நெல்லும் கிரகிக்கும் விதம் வேறு. வறட்சியில் முதல் வகுப்பும், ஈரத்தில் இரண்டாம் வகுப்பும் மிகும். இதைக்கொண்டு பார்த்ததில், முற்காலத்தில் வறட்சியும், பின்பு நல்ல மழையும், அதன்பின் மீண்டும் வறட்சியும், சுமார் 600 ஆண்டுகட்கு முன் குறுகியதோர் ஈரக்காலமும் இருந்தன எனத் தெரிந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், பருவமழை என்றும் ஒரே அளவில் நின்றதில்லை. அது குன்றினால் சில வருஷங்களில் சீர்பட்டே தீரும் என்ற நிச்சயமும் இல்லை. நம்மிடம் உள்ள மழைமானிக் கணக்கோ ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு உட்பட்டது. 1876 முதல் 1878 வரை சேலம் ஜில்லாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அதில் ஒரு நிகழ்ச்சி. அதனினும் நீண்ட வறட்சி இதற்கு முன் இங்கு நேர்ந்ததா, எத்தனை ஆண்டு நீடித்தது என்பதை மழைமானி சொல்லாது. இக்காலத்தில் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் உலகம் வெப்பமடைந்து வருகிறது. முற்காலத்திலும் சீதோஷ்ணம் மாறியதே என்று சொல்லி இதை அலட்சியம் செய்வது தவறு. இயற்கையாகவே இவ்வளவு மாறக்கூடிய மழையின்மேல் புதிய பாரமும் ஏறுகிறது என்று கொள்வதே அறிவுடைமை.

ஆயின் நீலகிரியின் சாட்சி நம் சமவெளிக்கு முழுச் சாட்சி ஆகாது. அம்மலையின் மேற்பகுதி தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியது. நமக்கோ தென்மேற்கும் வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையும் வேண்டும். சேர்வராயனிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் நிரப்பும் ஏரிகளின் கதையை அவ்வேரிகளே சொல்ல வேண்டும்.

அவை சொல்வதிலும் தடைகள் உண்டு. நம் ஏரிகள் மனிதர் கரை போட்டு உண்டாக்கியவை. ஏரி பிறந்த நாளுக்கு முந்திய வண்டல் அதில் இராது. கோடையில் தரை காய்ந்து வெடிப்பதால் மகரந்தத்தில் பெரும்பகுதி கெட்டுவிடும். முன்னோர் பலமுறை தூர் எடுத்ததனால் அடுக்குகள் கலைந்துமிருக்கும். சாமையின் மகரந்தத்தையும் காட்டுப் புல்லின் மகரந்தத்தையும் எளிதில் பிரித்தறிய இயலாது. நம் ஜில்லாவின் பெரும்பயிராகிய மரவள்ளியின் மகரந்தமோ கனமும் பசையும் உள்ளதாகையால் காற்றில் அதிகம் பரவுவதில்லை. ஆனால் மக்காச்சோளத்தின் பெரிய மணி தனித்துத் தெரியும். புல் வகைகளின் இலையிலுள்ள நுண்ணிய மணற்சத்தும், காட்டுத் தீயின் கரித்துகளும், மகரந்தம் அழிந்த இடத்திலும் எஞ்சி நிற்கும். கோடையிலும் கடைசிவரை ஈரம் வற்றாத பள்ளங்களில் மகரந்தமும் பிழைத்திருக்கக்கூடும். அத்தகைய இடங்கள் மிகச் சிலவே. எனவேதான் இயந்திரம் இறங்குமுன் அவற்றைக் காத்தல் அவசியம்.

மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஏரியில் கடைசியாக நீர் வற்றும் பள்ளத்தில், மதகின் அருகே நீர் அரித்த இடத்தை விலக்கி, 20 அடி சதுரம் அளந்து நான்கு கல் நட்டு, அதனுள் யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள்ளல். இரண்டாவது, அவ்விடத்தைக் கிராமப் படத்தில் குறித்துக்கொண்டு, தூர் வாருமுன் மண் உருளை எடுத்துச் செல்லும்படி விவசாயப் பல்கலைக்கழகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் பகுதிக்கோ எழுதுதல். மூன்றாவது, தோண்டும்போது கரிய சேற்று அடுக்கு, மரத்துண்டு, நத்தை ஓடு, பானை ஓடு முதலியன தென்பட்டால், அவை எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தன என்று அன்றே எழுதி வைத்தல்.

இதனால் வண்டல் நஷ்டம் என்று ஆக்ஷேபிப்போர் உண்டு. 20 அடி சதுரம் என்பது 400 சதுர அடி. ஒரு சென்டு 435 சதுர அடிக்கு மேற்பட்டது. பல ஏக்கர் பரந்த ஏரியில் இஃது ஒரு பொருட்டன்று. இதனால் இவ்வருஷம் ஒரு மூட்டை அதிகம் விளையுமா என்று கேட்பின், விளையாது என்பதே உண்மையான விடை. ஆனால் ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்துவது, கிணற்றை நம்பி எவ்வளவு நஞ்சை வைப்பது, புஞ்சைத் தானியங்களை எந்த அளவுக்குக் கைவிடாமல் காப்பது என்பவை நம் பேரர் காலம்வரை நீளும் கேள்விகள். அவற்றுக்கு விடை காண்போர், மழை இந்நாட்டில் எந்த எல்லைவரை குறைந்தது, எந்த எல்லைவரை மிகுந்தது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

அடங்கலைக் கரையான் அரித்தால் மற்றோர் அலுவலகத்தில் நகல் கிடைக்கலாம். ஏரிச் சேற்றில் எழுதிய கணக்குக்கு நகல் இல்லை. ஒரு கோடையில் இயந்திரம் வாரிக்கொட்டிவிட்டால் அது வயலில் கலந்து மறைந்துபோகும். வண்டலை அள்ளுங்கள், நிலத்துக்கு இடுங்கள், நன்றாக விளையட்டும். ஒரு சென்டு மட்டும் விட்டுவையுங்கள்.